மச்சினியின் லேப்டாப்பும் திருப்புளியாரும்

பொருள்கள் பழுதாவதால் மனிதனுக்கு வருகிற துன்பம் கொஞ்சம்தான். அவற்றைச் சரிசெய்துதருகிறேன் என்று முன்வருகிறவர்களால் வருகிற துன்பம்தான் அதிகம். இந்த இரண்டாவது வகைத் துன்பத்துக்குக் காரணமான ஓர் இனத்தைத்தான் உங்களுக்கு இப்போது அறிமுகம் செய்யப்போகிறேன். பயப்படாதீர்கள், ஏற்கெனவே நீங்கள் பார்த்துப் பழகியவர்தான். வீட்டில் ஏதோ ஒன்று மக்கர் செய்கிறது, எந்தக் கடையில் கொடுக்கலாம் என்று நீங்கள் யாரிடமோ தொலைபேசியில் விசாரித்துக்கொண்டிருப்பீர்கள். அறையின் அந்தக் கோடியிலிருந்து, கேட்காமலே ஒரு குரல் வரும். "கடைக்கு எதுக்கு? குடுங்க, நான் பாக்குறேன்."

அந்தக் குரலுக்குரியவர்தான் திருப்புளியார். திருகாணிகளைக் கழற்றும் கருவியை ஆயுதமாகக் கொண்டவர் என்பதால் இந்தப் பெயர். மற்றபடி அவருக்கும் தொழில்நுட்பத்துக்கும் உள்ள சம்பந்தம், எனக்கும் உங்கள் தூரத்து உறவினர்களுக்கும் உள்ள சம்பந்தம்தான்.

திருப்புளியாரை எப்படி அடையாளம் கண்டுகொள்வது? பொருளை வாங்கியதும் முதலில் அதைத் தூக்கிப் பார்ப்பார். எடை பார்க்கிறாராம். பிறகு கவிழ்த்துப் பார்ப்பார், காதருகே வைத்து லேசாக ஆட்டிப் பார்ப்பார், பின்பக்கம் உள்ள திருகாணிகளை விரலால் தடவிப் பார்ப்பார். அப்புறம் "ம்" என்பார். இந்த "ம்" சாதாரணமானதல்ல. பெரிய மருத்துவர்கள் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு சொல்கிற "ம்" அது. "கடைசியா இதை யாரு தொட்டது?" என்பது அவருடைய அடுத்த கேள்வி. நீங்கள் யார் பெயரைச் சொன்னாலும், "அதான் பாத்தேன்" என்பார்.

அடுத்து, கம்பெனிக்காரர்களைப் பற்றி ஒரு சிற்றுரை. அவர்கள் வேண்டுமென்றேதான் இப்படிச் செய்கிறார்கள், நாம் கடைக்கு ஓட வேண்டும் என்பதற்காகவே திருகாணியின் தலையை நட்சத்திரம் மாதிரி செய்து வைத்திருக்கிறார்கள், ஆனால் நம்மிடம் நடக்குமா என்பது அதன் சாரம். அந்த உரை முடிவதற்குள் பொருளின் முதல் திருகாணி கழன்றிருக்கும். இனி நீங்கள் என்ன சொல்லியும் பயனில்லை.

உண்மையான தொழிலாளிக்கும் இவருக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறீர்களா? தொழிலாளி தெரியாத இடம் வந்தால் நிறுத்திவிடுவார். இவருக்குத் தெரியாத இடம் என்று ஒன்று வருவதே இல்லை.

பொதுவாகச் சொல்லிக்கொண்டே போனால் உங்களுக்குச் சுவைக்காது. எனக்குத் தெரிந்த ஒரு திருப்புளியாரையே எடுத்துக்கொள்வோம். நடுத்தர வயது. காலையில் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு அலுவலகம் போகிறவர். அவருடைய மனைவியின் தங்கை, அதாவது அவருடைய மச்சினி, கட்டடக் கலை படிக்கிறாள். கல்லூரி பக்கத்தில் என்பதால் அக்காள் வீட்டிலேயே தங்கியிருக்கிறாள். அவளிடம் ஒரு கேமிங் லேப்டாப் இருந்தது. வீடு வரைகிற பெண்ணுக்கு விளையாட்டு லேப்டாப் எதற்கு என்று நினைக்காதீர்கள். முழுக் கட்டடத்தையும் திரையில் எழுப்பி, அதற்குள் வெயில் விழுவதையும் காட்ட வேண்டுமென்றால் அந்த மாதிரி பலசாலி எந்திரம்தான் வேண்டும். எங்கேயோ ஒரு விளையாட்டுப் பிரியரிடமிருந்து கைமாறி வந்தது. அதன் விசைகள் கல்யாண மண்டபம் மாதிரி பச்சையும் ஊதாவுமாக மின்னும். அதன் உள்விசிறி சுற்றத் தொடங்கினால் பக்கத்து அறையில் விமானம் கிளம்புகிறதோ என்று தோன்றும். ஆனால் உள்ளே இருந்தது பழைய காலத்துச் சுழலும் ஹார்ட் டிஸ்க். பந்தயக் காருக்கு சைக்கிள் சக்கரம் மாட்டியதுபோல. காலையில் அதன் பொத்தானை அமுக்கிவிட்டுக் குளிக்கப் போவாள். குளித்து, தலை துவட்டி, துணி காயப்போட்டுவிட்டு வந்து பார்த்தால், திரையில் அந்த வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவளுக்கு இறுதித் தேர்வு. ஒரு பொது நூலகத்துக்கான முழு வரைபடத்தையும் தேர்வாளர்கள் முன்னால் திறந்து காட்ட வேண்டும். ஓராண்டு உழைப்பு. கதவு, ஜன்னல், படிக்கட்டு, புத்தக அடுக்கு எல்லாம் அந்த டிஸ்கில்தான். வேறு எதிலும் ஒரு பிரதி இல்லை. அந்த டிஸ்க் நகர்கிற வேகத்தில் பிரதி எடுக்க உட்கார்ந்தால் பொழுது போய்விடும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருந்தாள். தேர்வாளர்கள் முன்னால் அந்த வட்டம் சுற்றினால் என்ன ஆவது? டிஸ்கை மாற்ற ஒரு நல்ல கடை இருக்கிறதா என்று அக்காளிடம் கேட்டாள். மெதுவாகத்தான் கேட்டாள். ஆனால் நம்மவர் காதில் விழுந்துவிட்டது.

"கடைக்கு எதுக்கு?"

அக்காள் தங்கையைப் பார்த்தாள். தங்கை அக்காளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒரு மாநாடே நடந்து முடிந்தது. ஆனால் அத்தானிடம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? சோறு போடுகிறவர். நல்ல மனிதர். அன்பாகத்தான் செய்கிறார். இந்த இனத்தின் மிகப் பெரிய ஆபத்து அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேசையில் துண்டு விரிக்கப்பட்டது. புதிய டிஸ்க் பெட்டியோடு வந்து உட்கார்ந்தது. தீப்பெட்டி கனம்கூட இல்லாத ஒரு தகடு. "இதுவா?" என்று கேட்ட மனைவிக்கு, சுழலும் டிஸ்குக்கும் சுழலாத டிஸ்குக்கும் உள்ள வேறுபாட்டைத் தேநீர் ஆறும்வரை விளக்கினார். பிறகு டார்ச்சை அவள் கையில் கொடுத்தார். திருப்புளியார் வீட்டில் வேலை நடக்கும்போது டார்ச் பிடிக்க ஒருவர் வேண்டும். வெளிச்சத்துக்கு அல்ல, திட்டுவதற்கு. "அங்க இல்ல, இங்க. இங்க இல்ல, அங்க. உன் நிழல் விழுது பாரு." பட்டப்பகல். ஜன்னல் வழியாக வெயில் கொட்டிக்கொண்டிருந்தது.

வேலைக்கு நடுவே மச்சினி ஒரே ஒரு கோரிக்கை வைத்தாள். தன் ஃபைல்களை மட்டும் முதலில் வேறு எதிலாவது போட்டு வைத்துவிடலாமா என்று.

"அதுக்குத்தானேம்மா பழைய டிஸ்கை அப்படியே புதுசுல காப்பி போடப்போறோம்? காப்பிக்கு ஒரு காப்பியா?" என்று சிரித்தார். பதில் நன்றாகத்தான் இருந்தது. இந்த இனத்தாரிடம் பதிலுக்கு என்றைக்குமே பஞ்சம் வந்ததில்லை.

அடிமூடியைப் பிரிக்க மனைவியின் வங்கி அட்டை பயன்பட்டது. ஓரத்தில் 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது. "கிளிப் விடுற சத்தம்தான்" என்றார். இன்னொரு சத்தம் வந்தது. "இதுவும் அதான்."

செய்முறைக்கு ஒரு வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. திருப்புளியார் வீடியோ பார்க்கிற முறை தனி. முதல் பகுதியைத் தள்ளிவிடுவார், அது சுயபுராணம். கடைசிப் பகுதியைப் பார்க்க மாட்டார், அது நன்றியுரை. நடுவில் உள்ளதை இரட்டை வேகத்தில் ஓடவிடுவார், அணில் பேசுகிற மாதிரி கேட்கும். வீடியோக்காரர் சொன்ன வழி இதுதான்: பழைய டிஸ்க் உள்ளேயே இருக்கட்டும், புதிய டிஸ்கை வெளியே ஒரு கேபிளில் மாட்டுங்கள், உள்ளே இருப்பதை வெளியே காப்பி போடுங்கள், கடைசியில் இடம் மாற்றுங்கள். நம்மவருக்கு இது சுற்றுவழியாகப் பட்டது. எப்படியும் உள்ளே போகப்போகிற புது டிஸ்கை எதற்கு வெளியே தொங்கவிட்டு, மறுபடி கழற்றி, மறுபடி மாட்டுவது? புதியதை முதலிலேயே உள்ளே பொருத்தினார். பழையதை வெளியே கேபிளில் தொங்கவிட்டார். காப்பி போடும் மென்பொருள் ஒரு பென் டிரைவில் இருந்தது, அதைக்கொண்டு லேப்டாப்பை எழுப்பினார்.

இதுவரை அவர் செய்ததில் தவறே கிடையாது, அதையும் சொல்லிவிட வேண்டும். உண்மையிலேயே சாமர்த்தியமான யோசனைதான். திரையில் இப்போது கேள்வி வந்தது: எதிலிருந்து எதற்கு? நம்மவர் வீடியோவை நிமிர்ந்து பார்த்தார். "உள்ளே இருப்பதை முதலில் தேர்ந்தெடுங்கள், வெளியே இருப்பதை இரண்டாவதாக" என்றது அணில் குரல். அப்படியே செய்தார். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, சொன்ன சொல்லை அட்சரம் பிசகாமல் கேட்டார். அதுவும் கேட்கவே கூடாத இடத்தில். உள்ளே இருந்தது காலியான புது டிஸ்க். வெளியே தொங்கிக்கொண்டிருந்தது மச்சினியின் நூலகம்.

திரை சிவப்பாக ஓர் எச்சரிக்கையைக் காட்டியது. மச்சினி அதை எட்டிப் பார்த்து வாய்விட்டுப் படித்தாள்: இரண்டாவது டிஸ்கில் உள்ள அனைத்தும் அழிக்கப்படும், தொடரலாமா?

"இது எல்லாருக்கும் போடுற போர்டும்மா. 'நாய்கள் ஜாக்கிரதை'ன்னு எழுதியிருக்கிற வீட்டுல நாயே இருக்காது" என்று சொல்லிக்கொண்டே 'ஆம்' என்பதை அமுக்கினார். நிச்சயம்தானா என்று இன்னொரு தடவை கேட்டது. நிச்சயமில்லாத மனிதரைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வி அது.

காப்பி முடிந்துவிட்டது. ஆமாம், முடிந்தே விட்டது. மனைவி டார்ச்சை அணைப்பதற்குள். ஓராண்டுச் சரக்கை இறக்க அரை நாளாவது ஆகும் என்று வீடியோவில் சொன்னார்களே என்று மச்சினி இழுத்தாள். நம்மவர் நாற்காலியில் சாய்ந்து கைகளைத் தலைக்குப் பின்னால் கோத்துக்கொண்டார்.

"பாத்தியா, புது டிஸ்கோட வேகத்தை."

காலிப் பாத்திரத்தைக் கவிழ்க்க எவ்வளவு நேரமாகும்?

கேபிளை எடுத்துவிட்டு லேப்டாப்பைப் போட்டார்கள். விசைகள் பச்சையும் ஊதாவுமாகக் கோலாகலமாக மின்னின. கறுப்புத் திரையில் ஒரே ஒரு வெள்ளை வரி: தொடங்குவதற்கு எதுவும் இல்லை. நம்மவர் "ம்" என்றார். கேபிள் மட்டமான சரக்கு என்றார். பழைய டிஸ்கையே திரும்ப மாட்டிப் பார்த்தார். அதே வரி. ஹார்ட் டிஸ்க் கம்பெனியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார். அந்த வரி அதற்கெல்லாம் அசையவில்லை.

மச்சினிக்கு முகம் வெளிறிவிட்டது. ஆனால் திருப்புளியாரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. இந்தக் கட்டத்தில் அவர்கள் முகத்தில் வருவது பயமல்ல, ஒரு புதிய உற்சாகம். "இன்னும் ஒரே ஒரு வழி இருக்கு" என்று பென் டிரைவை எடுத்தார். பழைய டிஸ்கிலேயே இயங்குதளத்தைப் புதிதாக ஏற்றிவிட்டால் லேப்டாப் கண் திறந்துவிடும் என்பது அவர் எண்ணம். கண் திறந்திருக்கும், உண்மை. ஆனால் அழிந்ததுபோலத் தெரிந்தாலும் அதற்குள் இன்னும் மறைந்து கிடந்த நூலகத்தின் மேல் வேறொன்று எழுதப்பட்டு, அது நிரந்தரமாகக் கண்ணை மூடியிருக்கும்.

"அத்தான், கையை எடுங்க."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த வீட்டில் அவரிடம் அப்படி யாரும் சொன்னதில்லை. அவர் கையை எடுத்தார். மச்சினி பழைய டிஸ்கைக் கழற்றி, ஒரு கைக்குட்டையில் சுற்றி, தன் பையில் போட்டுக்கொண்டாள். மனைவி துண்டை மடித்தாள். வங்கி அட்டையின் மூலை உடைந்திருந்தது. அதைத் துடைத்துப் பணப்பையில் செருகிக்கொண்டாள்.

மறுநாள் காலை, அழிந்த தகவல்களை மீட்டுத் தருகிற ஒரு கடையின் கவுண்டரில் மூவரும் நின்றார்கள். கவுண்டருக்குப் பின்னால் இருந்த பெண் டிஸ்கை வாங்கி, திருப்பிப் பார்த்துவிட்டு, எல்லா வாடிக்கையாளரிடமும் கேட்கிற கேள்வியைக் கேட்டாள். என்ன ஆச்சு?

"தானா போயிடுச்சுங்க" என்றார் திருப்புளியார்.

இவருக்கு அலுவலகத்தில் என்ன வேலை என்று நான் உங்களுக்கு இன்னும் சொல்லவில்லை. ஒரு காப்பீட்டு நிறுவனத்தில், நஷ்டஈடு கேட்டு வருகிற விண்ணப்பங்களைச் சரிபார்க்கிற வேலை. 'தொலைக்காட்சிப் பெட்டி தானாக விழுந்துவிட்டது', 'காரில் தானாகக் கீறல் விழுந்தது' என்று எழுதுகிறவர்களை அவர் எப்படி வறுத்தெடுப்பார் தெரியுமா? தானாக எதுவும் ஆகாது என்பது அந்த அலுவலகத்தில் அவர் அடிக்கடி அருளுகிற வாக்கியம். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அதை வைத்து வகுப்பே எடுக்கிறார்.

கடைக்காரப் பெண் சலித்துக்கொள்ளவில்லை. தினமும் எத்தனை 'தானா'க்களைப் பார்க்கிறாளோ.

"தானா போச்சுன்னா டிஸ்கே செத்துருச்சுன்னு அர்த்தம் சார். அப்ப இங்க முடியாது. பிரிச்சுப் பாக்குற இடத்துக்கு அனுப்பணும், மாசக்கணக்கா ஆகும். காப்பி போடும்போது யாராவது மாத்திப் போட்டிருந்தா வேற கதை, புதன்கிழமைக்குள்ள எடுத்துடலாம். எதுன்னு சொல்லுங்க, அதுக்கேத்த வரிசையில போடணும்."

திருப்புளியார் சுவரில் ஒட்டியிருந்த விளம்பரத்தைப் படித்தார். எதற்கு விளம்பரம் என்று கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டார். என்ன நடந்தது என்று அவருக்கு ஞாயிற்றுக்கிழமை மாலையே தெரிந்துவிட்டது; இரவு உணவின்போது சாதத்தைப் பிசைந்துகொண்டே மனதுக்குள் அந்தத் திரையை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தார். ஆனால் எது உள்ளே இருந்தது, எது வெளியே இருந்தது, எதை முதலில் அமுக்கினார் என்பது வேறு யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. மனைவி டார்ச்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மச்சினிக்குச் சந்தேகம் மட்டும் உண்டு. ஆக, அந்த நூலகம் இப்போது ஒரு மனிதரின் வாயில் இருந்தது. அவர் சொன்னால் புதன்கிழமை. சொல்லாவிட்டால் மானம் பத்திரம், வெள்ளிக்கிழமை போச்சு.

வரிசையில் பின்னால் நின்றவர் ஒரு தடவை செருமினார்.

"எனக்கு வெள்ளிக்கிழமை வேணும் அத்தான்" என்றாள் மச்சினி. அவ்வளவுதான். நீங்கதான் கெடுத்தீங்க என்று சொல்லவில்லை. அவரைப் பார்க்கக்கூட இல்லை.

"மாத்திப் போட்டுட்டேன்" என்றார், விளம்பரத்தைப் பார்த்தபடியே.

"யாரு சார்?"

"நான்தான். புதுசு உள்ள இருந்துச்சு. அதை எடுத்துப் பழசு மேல போட்டுட்டேன்."

"அப்புறம் அதுல வேற எதாவது ஏத்துனீங்களா?"

"ஏத்தப் பாத்தேன். இவ விடல."

கடைக்காரப் பெண் முதல் தடவையாக மச்சினியை நிமிர்ந்து பார்த்துவிட்டு, டிஸ்கை ஓர் உறையில் போட்டு, அதன்மேல் எதையோ கிறுக்கி, அடுத்தவரைக் கூப்பிட்டாள். ஒரு மனிதன் தன் வாழ்நாளில் செய்த மிகக் கடினமான காரியத்தை இவ்வளவு அலட்சியமாக உறையில் போட்டு ஒட்டுவார்கள் என்று நம்மவர் எதிர்பார்த்திருக்க மாட்டார். வெளியே வந்ததும் மனைவி அவர் முழங்கையை லேசாகப் பிடித்துக்கொண்டாள். அவரும் விடுவித்துக்கொள்ளவில்லை.

புதன்கிழமை ஃபைல்கள் வந்தன. ஆனால் பெயர் இழந்து வந்தன. எது படிக்கட்டு, எது கழிப்பறை என்று தெரியாமல் வெறும் எண்களாக ஒரு மந்தை. மச்சினி ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துப் பெயர் வைத்தாள். எல்லாம் இருந்தன, முகப்பு வாசலைத் தவிர. அந்த ஃபைல் திறந்தால் சாம்பல் நிறக் கோடுகளாகத்தான் தெரிந்தது. அதை மட்டும் புதிதாக வரைந்தாள். புது டிஸ்கை அதே கடையில் மாட்டிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை லேப்டாப் கண் சிமிட்டுவதற்குள் திறந்தது. தேர்வாளர்கள் கட்டடத்தை அப்படியும் இப்படியும் சுற்றிப் பார்த்துவிட்டு, எல்லாவற்றிலும் அந்த முகப்பு வாசல்தான் அழகு என்றார்களாம்.

இதை வீட்டில் வந்து சொன்னபோது திருப்புளியார் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வாயில் இருந்ததை மென்று விழுங்கினார். பிறகு சொன்னார்:

"ஒண்ணு யோசிச்சியா? பழைய வாசல் அப்படியே இருந்திருந்தா, நீ இதை வரைஞ்சிருக்கவே மாட்ட."

கவுண்டரில் 'நான்தான்' என்று சொன்ன அந்த மனிதர் எங்கே போனார்? நானும் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. இப்போது அலுவலக உணவு இடைவேளையில் அவர் பேசுவதைக் கேட்க வேண்டும். "டிஸ்க் மாத்தும்போது நிறைய பேர் ஒரு தப்பு பண்றாங்க" என்றுதான் தொடங்குகிறார். நிறைய பேர். கேட்பவர்கள் குறிப்பெடுத்துக்கொள்கிறார்கள். ஒருவர் தன் வீட்டு லேப்டாப்பைக் கொண்டுவந்து தரப்போவதாகக்கூடச் சொல்லியிருக்கிறார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் புது டிஸ்கை அவர் உள்ளே பொருத்தினார் என்று நான் சொன்ன இடத்தில், 'அடடா, நானாக இருந்தால் முதலில் இரண்டிலும் ஒரு காகிதத்தை ஒட்டிப் பெயர் எழுதியிருப்பேன்' என்று உங்கள் மனதில் ஓடியதா? விரல் நுனி கொஞ்சம் குறுகுறுத்ததா? அதெல்லாம் இல்லை, நான் அப்படிப்பட்ட ஆளே இல்லை என்கிறீர்களா? நல்லது. அப்படியென்றால் ஒன்றே ஒன்றைக் கவனித்துப் பாருங்கள். குழாய் ஒழுகுகிறது, மிக்ஸி சுற்றவில்லை, கைப்பேசி சூடாகிறது என்று உங்கள் வீட்டில் யாராவது உங்களிடம் வந்து சொல்லிக் கொஞ்ச நாள் ஆகிறதா? எல்லாமே நன்றாக ஓடிக்கொண்டிருப்பதாகத்தான் உங்களுக்குத் தோன்றுகிறதா?

பழுதாகாத வீடு உலகத்தில் கிடையாது, வாசகரே. உங்களிடம் சொல்வதை நிறுத்திவிட்டார்கள்.